பதர் தூற்றும் தேடல்: இணைய ஏலத்தில் மதுரைக் காசுகளை மட்டும் பிரித்தெடுப்பது

இணைய ஏலத் தளத்தின் தேடல் பெட்டியில் ‘பாண்டியா’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். மீன் பொறித்த செப்புக் காசுக்கு முன்னால் ஹர்திக் பாண்டியாவின் கிரிக்கெட் அட்டைகள் வரிசைகட்டி நிற்கும். ‘நாயக்’ என்றால் அனில் கபூர் நடித்து 2001இல் வந்த இந்திப் படத்தின் சுவரொட்டிகள் வரும். நம் ‘முதல்வன்’ படத்தை ஷங்கரே இந்தியில் எடுத்தது அது. ‘சோழா’ என்று போட்டால், அமெரிக்காவில் மெக்சிகோ வழிவந்த பெண்களின் ஒரு உடைப்பாணிக்கும் அதே பெயர் என்பது சட்டைகளும் காதணிகளும் வந்து விழும்போது தெரியும். நெல்லைவிடப் பதர் அதிகம். தூற்றத் தெரிந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, தெரியாவிட்டால் ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிடும்.

மதுரை வட்டாரக் காசுகளைச் சேர்க்கத் தொடங்கியிருப்பவருக்கான அத்தியாயம் இது. காசை அடையாளம் காண்பது பற்றி இங்கே பேசப்போவதில்லை. வேண்டாததைத் திரையிலிருந்து எப்படி விலக்குவது, விலக்கும்போது வேண்டியதும் சேர்ந்து போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது மட்டுமே விஷயம். இரண்டாவதுதான் கடினம்.

தொடங்கும் முன் இரண்டு குறிப்பு

இந்தியாவுக்கென்று இருந்த ஈபே தளம் 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. இப்போது நாம் பயன்படுத்துவது அமெரிக்கத் தளத்தை. அதனால் விலை டாலரில் இருக்கும், நேரம் அமெரிக்க மேற்குக் கடற்கரை நேரமாக இருக்கும், விற்பவர் உலகத்தின் எந்த மூலையிலும் இருக்கலாம். கீழே சொல்லும் குறிகளெல்லாம் அந்தத் தளத்துக்கானவை. மற்ற தளங்களைப் பற்றித் தனியே சொல்கிறேன்.

தேடல் சொற்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். பெட்டியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கழித்தல் குறி, கமா, அடைப்புக்குறி, மேற்கோள் குறி ஆகியவற்றை இங்கே உள்ளபடியே போடுங்கள்.

நான்கு குறிகள் போதும்

1. இடைவெளி. இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டால், இரண்டும் தலைப்பில் இருக்கும் பொருள்கள் வரும். எது முன், எது பின் என்பது பொருட்டில்லை.

2. இரட்டை மேற்கோள். சொற்களை மேற்கோளுக்குள் வைத்தால் அதே வரிசையில் இருப்பவை மட்டும் வரும். ஒற்றைச் சொல்லையும் மேற்கோளுக்குள் வைக்கலாம். தளம் தானாகவே ‘இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்று சேர்த்துக்கொடுக்கும் பழக்கத்தை இது ஓரளவு தடுக்கும்.

3. கழித்தல் குறி. வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒட்டிப் போடுங்கள். குறிக்கு முன்னால் இடைவெளி வேண்டும், பின்னால் கூடாது.

4. அடைப்பும் கமாவும். பல சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றால் அவற்றை அடைப்புக்குள் கமா போட்டு எழுதுங்கள். கமாவுக்குப் பின் இடைவெளி விடாதீர்கள். அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் உள்ளே இருக்கும் எல்லாச் சொல்லும் விலகும்.

ஓர் எடுத்துக்காட்டு:

(பாண்டியா,பாண்டியன்) காயின் -(ஹர்திக்,க்ருணால்,கிரிக்கெட்,ஐபிஎல்)

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சொல் தேர்வுதான்.

எந்த வரிசையில் செய்வது

1. வேண்டியதை ஒரு வரியில் எழுதுங்கள். ‘பழைய மதுரைக் காசு’ என்பது போதாது. ‘இடைக்காலப் பாண்டியர் செப்புக் காசு, இரட்டை மீன், எழுத்துள்ளது’ என்று எழுதுங்கள். எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவில்லாதவர்தான் எதைக் கழிப்பது என்று தடுமாறுவார்.

2. முதல் தேடலில் எதையும் கழிக்காதீர்கள். வெறும் பெயரை அடித்து இரண்டு மூன்று பக்கம் பொறுமையாகப் பாருங்கள். என்னென்ன குப்பை வருகிறது என்று காகிதத்தில் குறியுங்கள். ஊகத்தில் கழிப்பவர் வராத குப்பையைத் தடுத்துக்கொண்டிருப்பார், வருகிற குப்பை வந்துகொண்டே இருக்கும்.

3. பிரிவைத் தேர்ந்தெடுங்கள். இடது ஓரத்தில் இருக்கும் பிரிவுகளில் நாணயம், பணத்தாள் பகுதியை அழுத்தினாலே சினிமா, சட்டை, கிரிக்கெட் எல்லாம் ஒரே அடியில் போய்விடும். கழித்தல் குறியே தேவைப்படாத வேலை இது. ஆனால் அதற்குள் ‘இந்தியா’ என்ற உட்பிரிவுக்கு உடனே போய்விடாதீர்கள். தென்னிந்தியக் காசை ‘பண்டைய காசுகள்’ என்ற பிரிவிலும், இலங்கைப் பிரிவிலும், ‘மற்றவை’யிலும் போடும் விற்பனையாளர்கள் ஏராளம்.

4. ஒரு நேரத்தில் ஒரு சொல்லைக் கழியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு மேலே காட்டும் எண்ணிக்கையைப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சரிந்தால் அந்தச் சொல் நல்லதையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

5. எழுத்து வேறுபாடுகளைச் சேருங்கள். கழித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். முதலிலேயே எல்லா எழுத்து வடிவத்தையும் சேர்த்தால் எந்த வடிவம் குப்பையைக் கொண்டுவருகிறது என்று தெரியாது.

6. விலை வரம்பு. மேல் வரம்பு போடுங்கள், கீழ் வரம்பு போடாதீர்கள். மலிவுப் போலிகளை ஒழிக்கலாம் என்று 10 டாலருக்குக் கீழே உள்ளதை நீக்குவது பரவலான பழக்கம். உண்மையான ஏலம் பல நேரம் 1 டாலருக்குக் கீழேதான் தொடங்குகிறது. கீழ் வரம்பு போட்டால் அவையும் போய், நிலையான விலை போட்டு வருடக்கணக்கில் கிடக்கும் பட்டியல்கள் மட்டும் மிஞ்சும்.

7. மறுதலைச் சோதனை. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

8. சேமியுங்கள். தேடல் பெட்டிக்கு அருகில் உள்ள சேமிப்புப் பொத்தானை அழுத்தினால் புதிதாக வருவதை மின்னஞ்சலில் அனுப்பும். சேமித்த பிறகு முதல் பத்து நாள் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு மறுபடி திருத்துங்கள்.

வகைவாரியாக: எதைக் கழிப்பது, எதை விடுவது

*சங்ககாலப் பாண்டியர்*

சதுரச் செப்புக் காசுகள், யானை, பின்புறம் கோட்டு வடிவ மீன். தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று பொறித்த காசை அடையாளம் கண்டு வெளியிட்டவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. அதன்பிறகு ‘வழுதி’ என்ற சொல்லே விலையேற்றும் சொல்லாகிவிட்டது. தலைப்பில் அந்தச் சொல் இருந்து படத்தில் ஓர் எழுத்தும் தெரியாத பட்டியல்களைப் பார்த்தால் கடந்துபோங்கள்.

இங்கே ஹர்திக், க்ருணால், கிரிக்கெட், கார்டு ஆகியவற்றைத் தயங்காமல் கழிக்கலாம். ‘சங்கம்’ என்ற சொல்லைச் சேர்ப்பதில் பயன் குறைவு, வெளிநாட்டு விற்பனையாளர் பலருக்கு அது தெரியாது. ‘எலிபன்ட்’, ‘ஸ்கொயர்’, ‘ஃபிஷ்’ என்று கண்ணுக்குத் தெரிவதை அடியுங்கள். நம் காசு என்று தெரியாமல் விற்பவரும் யானையைப் பார்த்திருப்பார்.

*இடைக்காலப் பாண்டியர்*

முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் ‘சோணாடு கொண்டான்’ காசுகள், ‘எல்லாந் தலையானான்’ காசுகள் போன்றவை இந்த வகை. தமிழ் எழுத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் விற்பனையாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. சோணாடு, சோனாடு, சோநாடு என்று மூன்று நான்கு வடிவங்களை அடைப்புக்குள் போடுங்கள்.

இங்கே வரும் பெரிய கூட்டம் இலங்கைக் காசுகள். நிற்கும் அரசன், அமர்ந்த உருவம் என்ற அதே அமைப்பில் இலங்கை மன்னர்களின் செப்புக் காசுகள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. பராக்கிரமபாகு, ‘மஸ்ஸா’ ஆகிய சொற்களைக் கழிக்கலாம். ‘சிலோன்’ என்ற சொல்லைக் கழிக்காதீர்கள். பாண்டியர் காசைச் சிலோன் என்று தலைப்பிட்டு விற்பவர் உண்டு. ‘சேது’ என்று வந்தால் நிறுத்திப் பாருங்கள். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் காசும் இருக்கலாம், இராமநாதபுரம் சேதுபதி காசும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகவே பட்டியலிடுகிறார்கள்.

*மதுரை சுல்தான்கள்*

எல்லாவற்றிலும் சிக்கலான வகை இதுதான். அதனாலேயே கவனிப்பவர் குறைவு, நல்ல காசு நியாய விலைக்குக் கிடைப்பதும் இங்கேதான்.

முகமது பின் துக்ளக்கின் ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அஹ்சன் 1330களில் தில்லியிலிருந்து பிரிந்து மதுரையில் தனியாட்சி தொடங்கினார். 1370களில் விஜயநகரப் படை முடித்துவைத்தது. இடையில் வந்த சுல்தான்களின் சிறு சிறு காசுகளில் அரபி எழுத்து இருக்கும். பட்டியல்களில் இவற்றுக்கு ஒரே பெயர் கிடையாது. ஆங்கிலேயர் காலத்து நூல்களைப் பின்பற்றுபவர் கடைசி ஒலியை விட்டு ‘மதுரா’ என்பார். அரபு வரலாற்றைப் பின்பற்றுபவர் ‘மஅபர்’ என்பார், அதையும் மேற்கோள் குறி போட்டு, போடாமல், ஒரு ‘ஏ’ கூட்டி, குறைத்து எழுதுவார்.

இப்போது ‘மதுரா சுல்தான்’ என்று தேடினால் என்ன ஆகும்? இந்தோனேசியாவில் ஜாவாவை ஒட்டி மதுரா என்றே ஒரு தீவு இருக்கிறது. அங்கே சுமெனெப் என்ற ஊரில் சுல்தான்கள் ஆண்டார்கள். ஸ்பானிய வெள்ளி டாலர்களின் மேல் அவர்கள் அடித்த முத்திரைக் காசுகள் உலகச் சேகரிப்பாளரிடம் புகழ்பெற்றவை. ஆக, இரண்டு சொல்லும் பொருந்தும். நாடு மட்டும் வேறு. 

இதற்கான தேடல்:

(மதுரா,மதுரை,மபர்,மாபர்) (சுல்தான்,சுல்தான்ஸ்,சுல்தானேட்) -(சுமெனெப்,இந்தோனேசியா,ஜாவா,டாலர்)

‘டாலர்’ என்ற சொல்லைக் கழிப்பது இங்கே பாதுகாப்பானது. மதுரை சுல்தான் காசை யாரும் டாலர் என்று தலைப்பில் எழுதமாட்டார்கள்.

அரசர் பெயரால் தேடுவதும் நல்ல வழி. ஆனால் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குத்புதீன் ஃபிரோஸ் என்று மதுரையில் மிகச் சில நாட்களே ஆண்ட ஒருவர் உண்டு. ‘ஃபிரோஸ்’ என்று அடித்தால் தில்லியின் ஃபிரோஸ் ஷா துக்ளக் காசுகள் வெள்ளமாக வரும். அதற்குப் பதில் ‘உதௌஜி’, ‘தம்கான்’ போன்ற, மற்ற அரசர்களோடு குழம்பாத பெயர்களை அடியுங்கள். தம்கான் என்பது மதுரை சுல்தான் கியாசுதீனின் பெயரில் வரும் சொல். பயணி இபன் பதூதா மதுரைக்கு வந்தது அவர் காலத்தில்தான்.

*நாயக்கர்*

நாயக், நாயகா, நாயக்கர் என எல்லா வடிவத்தையும் சேருங்கள். பிரிவை நாணயத்துக்குள் அடைத்துவிட்டால் சினிமா போய்விடும். மிஞ்சுவது தஞ்சை, செஞ்சி, இக்கேரி நாயக்கர்கள். அவர்களைக் கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எந்த நாயக்கர் காசு என்பதில் ஆய்வாளர்களுக்கே சில இடங்களில் கருத்து வேறுபாடு இருக்கும்போது, தலைப்பு எழுதுபவரை நம்பிக் கழிப்பது சரியல்ல. ‘மீனாட்சி’ என்று தேடினால் கோயில் படங்களும் சிலைகளும் வரும், ஆகவே அந்தச் சொல்லை நாணயப் பிரிவுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். பணம் என்ற சிறு பொன் காசுகளைத் தேடும்போது கேரளம், குடகுப் பக்கத்து ‘வீரராயன் பணம்’ தான் மிகுதியாக வரும். மேற்கோளுக்குள் “வீர ராயா” என்று வைத்துக் கழியுங்கள்.

*ரோமக் காசுகள்*

மதுரை வட்டாரத்தில் தேய்ந்த சிறு ரோமச் செப்புக் காசுகள் கிடைத்திருப்பது அறிந்ததே. இணைய ஏலத்தில் இவற்றைத் தேடுவதில் பொருளில்லை. காசு எங்கே கிடைத்தது என்பதை விற்பவர் சொல்வதைத் தவிர வேறு சான்று இருக்காது. அதையும் மீறி ‘தென்னிந்தியாவில் கிடைத்தது’ என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் விற்றால் அது இந்தியாவைவிட்டு எப்படிப் போனது என்ற கேள்வி எழும்.

மறுதலைச் சோதனை

பெரும்பாலானோர் செய்யாமல் விடும் படி இது. கழித்தவற்றுக்குள் நல்லது போயிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது.

1. நீங்கள் கழித்த ஒரு சொல்லை எடுங்கள். எடுத்துக்காட்டாக, வட மதுரா. குஷாணர் காசுகளும் மித்திரர் காசுகளும் கூட்டமாக வருவதால் கண்ணன் பிறந்த அந்த மதுராவை எல்லோரும் கழிப்பார்கள்.

2. இப்போது அதையே தேடுங்கள், கூடவே நம் காசுக்கு மட்டும் உரிய சொற்களைச் சேருங்கள்: வட மதுராவின் ஆங்கில வடிவம், பிறகு (ஃபிஷ்,பாண்டியா,தமிழ்,நாயக்,மபர்).

3. என்ன வருகிறது என்று பாருங்கள். நம் மதுரையை வட மதுராவின் எழுத்தில் எழுதிய பட்டியல் ஒன்றிரண்டு அவ்வப்போது சிக்கும். எழுத்துப் பிழை உள்ள பட்டியலைத் தேடி வருபவர் குறைவு. அதனால் ஏலப் போட்டியும் குறைவு.

4. இந்த மறுதலைத் தேடலையும் தனியாகச் சேமித்துவையுங்கள்.

இந்தச் சோதனையில் எப்போதும் மாட்டுகிற இரண்டு சொற்கள் ‘காப்பி’, ‘ரெப்ளிகா’. போலியை ஒழிக்க இவற்றைக் கழிப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் போலி விற்பவர் ‘போலி’ என்று தலைப்பில் எழுதுவதில்லை. ‘இது ரெப்ளிகா அல்ல, அசல்’ என்று எழுதுபவர் பலரும் உண்மையான காசு விற்பவர்கள். அவர்களைத்தான் நாம் விலக்குகிறோம். இந்த இரண்டையும் கழிக்காதீர்கள், கண்ணால் பாருங்கள்.

‘லாட்’ என்ற சொல்லும் அப்படியே. பத்துக் காசு, இருபது காசு என்று கும்பலாக விற்பவற்றில் பெரும்பகுதி தேய்ந்த பழசுதான். ஆனால் ‘தென்னிந்தியச் செப்புக் காசு, அறியப்படாதவை’ என்ற கும்பலுக்குள் ஒரு சுல்தான் காசு கிடப்பது நடக்கிற விஷயம். நேரம் இருப்பவர் அதற்கென்று தனித் தேடல் வைத்துக்கொள்ளலாம். நேரமில்லாதவர் கழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

தயங்காமல் விலக்க வேண்டியவை

கிழக்கிந்தியக் கம்பெனி 1818, ஒரு பக்கம் ராமர் சீதை அல்லது அனுமன், மறுபக்கம் ‘யூகேஎல்’, அரை அணா, ஓர் அணா என்று இருக்கும் தடித்த செப்புத் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். கோயில் வாசல் தரைக்கடையிலும் அதுதான், இணையத்திலும் அதுதான். கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. ‘யூகேஎல்’ என்ற சொல்லை நிரந்தரக் கழித்தல் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய்க் காசுகளுக்கும், 786 என்று முடியும் ரூபாய்த் தாள்களுக்கும் லட்சக்கணக்கில் விலை போட்டு வைத்திருப்பார்கள். போட்ட விலை யாரும் கொடுத்த விலை ஆகாது. உண்மை விலை தெரிய, ஓரத்தில் ‘விற்றவை’ என்ற கட்டத்தைக் குறியிடுங்கள். ஏறத்தாழக் கடந்த 90 நாளில் விற்றுப்போனவை மட்டும் அவற்றின் விலையோடு வரும். எந்தக் காசையும் ஏலம் கேட்கும் முன் இந்தப் பக்கத்தைப் பார்ப்பது நல்லது.

எடையும் விட்டமும் குறிப்பிடாத, இரண்டு பக்கமும் படம் போடாத பட்டியலைத் தேடல் குறியால் விலக்க முடியாது. கையால்தான் விலக்க வேண்டும். ஒரே விற்பனையாளர் திரும்பத் திரும்பக் குப்பையை நிரப்பினால், மேம்பட்ட தேடல் பக்கத்தில் ‘விற்பனையாளர்’ பகுதியில் அவர் பெயரை இட்டு ‘விலக்கு’ என்று தேர்ந்தெடுக்கலாம். கைப்பேசிச் செயலியைவிடக் கணினி உலாவியில் இந்தப் பக்கம் வசதி.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

- கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடுவது. விலக்க வேண்டிய சொல் அப்போது தேட வேண்டிய சொல்லாகிவிடும்.
- ஒருமையை மட்டும் கழிப்பது. கார்டு, கார்ட்ஸ் இரண்டையும் போட்டுவிடுங்கள்.
- ‘விவரத்திலும் தேடு’ என்பதைக் குறியிட்டு மறந்துவிடுவது. ‘இது சோழர் காசு அல்ல, சேரர் காசு அல்ல’ என்று விவரத்தில் எழுதியதெல்லாம் அப்போது வந்து விழும்.
- பக்கத்தின் அடியில் ‘குறைந்த சொற்களுக்குப் பொருந்துபவை’ என்று தளம் தானே சேர்த்துக் காட்டுவதை, தன் வடிகட்டி ஓட்டை என்று நினைத்து மேலும் மேலும் கழிப்பது. அந்தக் கோட்டுக்குக் கீழே பார்க்காதீர்கள்.
- ஒரே தேடலில் எல்லா வகையையும் அடக்க முயல்வது. பாண்டியர், சுல்தான், நாயக்கர் மூன்றுக்கும் மூன்று தனித் தேடல் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற தளங்கள்

மும்பையின் டோடிவாலா, பெங்களூருவின் மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத்தின் கிளாசிக்கல் நியூமிஸ்மாட்டிக் கேலரி போன்ற இந்திய ஏல நிறுவனங்கள் இணையத்திலும் ஏலம் நடத்துகின்றன. பட்டியலை எழுதுபவர்கள் துறை தெரிந்தவர்கள் என்பதால் குப்பை குறைவு. அங்கே கழித்தல் குறியைவிடச் சரியான பெயர் தெரிந்திருப்பதுதான் முக்கியம். நாம் மேலே பார்த்த கமா, அடைப்பு முறை அங்கே செல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தளத்தின் சொந்தத் தேடல் சரியில்லை என்றால் கூகுளில் ‘சைட்’ என்று அடித்து முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை ஒட்டி, பிறகு தேடல் சொல்லை அடியுங்கள். கழித்தல் குறியும் மேற்கோளும் அங்கேயும் வேலை செய்யும். அடைப்பும் கமாவும் வேலை செய்யாது. அவற்றுக்குப் பதில் சொற்களுக்கு நடுவே ‘ஆர்’ என்பதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

ஏல நிறுவனங்களில் முடிவான விலைக்கு மேல் நிறுவனத்தின் பங்கும் வரியும் தபால் செலவும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் சேரலாம். மேல் வரம்பு விலையை வடிகட்டியில் போடும்போது இவற்றைக் கழித்துக்கொண்டு போடுங்கள்.

சட்டமும் பாதுகாப்பும்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது, பரிமாற்றமாகக்கூட. தொழிலாக விற்பதற்கு உரிமம் வேண்டும். வாங்கிச் சேர்த்ததை நாளை இதே தளத்தில் வெளிநாட்டவருக்கு விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

‘வயலில் கிடைத்தது’, ‘வைகையில் எடுத்தது’, ‘புதிதாக வெளிவந்த புதையல்’ என்று தலைப்பில் பெருமையடிக்கும் பட்டியல்களையும் விலக்குங்கள். 1878இன் இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விற்ற பொருள் கைமாறி உங்களிடம் வருவதில் எந்த நன்மையும் இல்லை.

பழைய காசை வாங்குகிறோம், விற்றுத் தருகிறோம், ரிசர்வ் வங்கிக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று பேசுபவர் மோசடிக்காரர். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அது இந்த வியாபாரத்தில் இல்லை, கட்டணமோ தரகோ கேட்பதும் இல்லை. பட்டியலில் வாட்சாப் எண் கொடுத்து ‘வெளியே பேசிக்கொள்ளலாம்’ என்பவரிடம் பேசாதீர்கள், தளத்துக்கு வெளியே பணம் போனால் தளத்தின் பாதுகாப்பு கிடைக்காது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஏலம் முடியும் நேரம்

அமெரிக்கத் தளத்தில் காட்டும் நேரம் பசிபிக் நேரம். கோடையில் அவர்களின் ஞாயிறு மாலை 6 மணி நமக்குத் திங்கள் காலை 6.30. குளிர்காலத்தில் 7.30. ‘விரைவில் முடிபவை’ என்று வரிசைப்படுத்தி ஞாயிறு இரவு படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள், காலை காபியோடு ஒருமுறை பாருங்கள். புதன்கிழமை வாக்கில் ‘புதிதாக வந்தவை’ வரிசையில் மறுதலைத் தேடல்களை மட்டும் ஓட்டினால் போதும்.

வென்ற காசின் பக்கத்தைப் படத்தோடும் எடையோடும் அன்றே பதிவிறக்கி வையுங்கள், சில மாதத்தில் அந்தப் பக்கம் இருக்காது. காசு கைக்கு வந்ததும் மதுரைத் தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடைத் தராசில் எடை போட்டு, பட்டியலில் சொன்னதோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், திருப்பி அனுப்பத் தளம் கொடுக்கும் கெடுவுக்குள் புகார் செய்யுங்கள்.